அம்மாவுக்கு ஒன்றுமில்லை, லீவுதான்

பாளையங்கோட்டை,
12.2.1995

அன்பு மகள் பிருந்தாவுக்கு,

அம்மா எழுதுவது. காந்திமதியம்மை புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே நல்ல சுகம், நீயும் மாப்பிள்ளையும் போபாலில் சுகமாக இருக்க அவளையே வேண்டிக்கொள்கிறேன். வழக்கமாக இந்த வரியை எழுதிவிட்டு நான் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன், நீயும் படிக்காமல் தாண்டிவிடுவாய். இந்தத் தடவை அப்படித் தாண்டாமல் இன்னொரு முறை படி. நான் சுகம். காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை, ஒரு தும்மல்கூட இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை என்று சொதி வைத்து, இஞ்சித் துவையல் அரைத்து, நானே ஒரு பிடி பிடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று எஸ்.டி.டி. பூத்தில் தொண்டை கிழியக் கத்தியும் நீ நம்பவில்லை. அந்தப் பக்கம் நீ அழுகிறாய், இந்தப் பக்கம் எனக்குப் பின்னால் நிற்கிறவர்கள் கண்ணாடியைத் தட்டுகிறார்கள், அப்பாவிடம் கொடு என்றாய், நானும் கொடுத்தேன். உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா, உன் குரலைக் கேட்டாலே மனுஷருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். "அம்மா நல்லாத்தான் இருக்கா" என்று அவர் இழுத்த இழுப்பில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நீ உடனே அவசர லீவு வாங்கியாயிற்று, நைனிடால் டிக்கெட்டை ரத்து செய்யப் போகிறேன், அடுத்த ஞாயிறு வண்டி ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். டிக்கெட்டில் கை வைக்காதே. நாளைக் காலையில் முதல் வேலையாக இதைக் கூரியரில் போடுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் எதையும் செய். வேலை முடிந்து வந்து நீ சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுகிறாய் என்று மாப்பிள்ளை பொங்கலுக்கு எழுதியிருந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஊரும் பார்த்ததில்லை. இப்போதுதான் கிளம்புகிறீர்கள், அதையும் என் பெயரைச் சொல்லிக் கெடுத்துக்கொள்ளாதே.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தைப்பூசம் கழிந்த பிறகு ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் இந்திய வரைபடத்தைத் தொங்கவிட்டு, கோலை வைத்து மலைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். காட்டும்போதே கை சோர்ந்துவிட்டது. சோர்ந்தது கைதான், வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் இந்தக் கோல் எத்தனை ஆயிரம் தடவை போய் வந்திருக்கிறது, இதைப் பிடித்திருக்கிறவள் மதுரையைத் தாண்டியதில்லையே என்று நினைத்தேன். மதுரையை விடு, மணிமுத்தாறு அணையைப் பற்றி வருஷா வருஷம் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுகிறேன், பஸ் ஏறினால் போய்விடலாம், அந்த அணையைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு லீவே கிடையாதா என்றால் மே மாதம் முழுக்க லீவுதான். வத்தல் போட, வடகம் பிழிய, விடைத்தாள் திருத்த, உன் அத்தைமார் பிள்ளைகள் வந்தால் மூன்று வேளையும் ஆக்கிப் போட என்று பள்ளிக்கூடத்தைவிட வேலை அதிகமுள்ள லீவு. உன் அப்பா பத்திரப்பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது, ஓய்வு என்றால் என்ன என்பதையே நான் அவர் நாற்காலியில் சாய்ந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நமக்கும் அது கொஞ்சம் வேண்டும் என்று தோன்றிவிட்டது. பாடங்களை முன்கூட்டியே முடித்து வைத்திருந்தேன், விடுப்பும் நிறையச் சேர்ந்து கிடந்தது. ஒரு மாதம் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஓய்வு எடுக்கவும் ஊர் பார்க்கவும் என்று எழுதினேன். அங்கேதான் வினை. எழுத்தர் சிவசைலம் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "டீச்சர், கல்யாணம்னு போடுங்க, சீமந்தம்னு போடுங்க, காச்சல்னாவது போடுங்க. சும்மா ரெஸ்டுன்னு போட்டா நான் இத எப்படி மேல கொண்டு போயிக் குடுப்பேன்" என்றார். பொய் எழுத மாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சரி டீச்சர், சொல்ல இஷ்டமில்லன்னா வேண்டாம், ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்று பரிவாகச் சொன்னார். ஹெப்சிபா டீச்சர் ஒருத்திதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாங்கக்கா, நீங்க போனா நாளைக்கு எனக்கும் கேக்கத் தைரியம் வரும்" என்றாள். மற்ற எல்லோரும் அன்று சாயந்தரத்துக்குள் முடிவு கட்டிவிட்டார்கள். இத்தனை வருஷம் காய்ச்சலோடுகூட வந்து பாடம் நடத்தியவள் ஒரு மாதம் லீவு போடுகிறாள், காரணமும் சொல்ல மாட்டேன் என்கிறாள், வெளியூர் வேறு போகிறாளாம். வெளியூர் என்றால் வேலூர், வேலூர் என்றால் பெரிய ஆஸ்பத்திரி. இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பூகோளம் படித்திருக்க வேண்டியதில்லை.

மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. கையில் சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் பாட்டில். நானே போய்க் கதவைத் திறந்தால் முகத்தில் ஒரு ஏமாற்றம். உட்கார்ந்து என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், பிறகு "வாடித்தான் இருக்கு" என்பார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால், தைரியமான மனுஷி என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். காபி ஒன்றும் வேண்டாம், நீங்கள் உட்காருங்கள் என்பார்கள், கொடுத்தால் குடிக்கவும் செய்வார்கள். ஓய்வெடுக்க லீவு போட்டவள் காலையிலிருந்து இருட்டும் வரை காபி ஆற்றினேன். இதில் ஒன்று சொல்ல வேண்டும், சிரிப்பாக இருந்தாலும் மனசு நிறைந்துதான் போயிற்று. வீரவநல்லூரிலிருந்து என் சித்தி மகள் வந்தாள், உன் கல்யாணத்துக்கே வராதவள். நாங்குநேரியிலிருந்து உன் அப்பாவின் சிநேகிதர் குடும்பத்தோடு வந்தார். இவர்களையெல்லாம் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது. நன்றாக இருந்தவரைக்கும் யாருக்கும் நேரமில்லை, சாகக் கிடக்கிறாள் என்றதும் எல்லோருக்கும் பஸ் கிடைத்துவிட்டது.

கோமு அத்தையை விட்டுவிட்டேனே. அப்பாவுக்கு மூத்தவள் என்பதால் நான் வாய் திறப்பதில்லை, உனக்கும் அத்தை மேல் உயிர், ஆனாலும் சொல்கிறேன். வந்ததும் வராததுமாக என்னை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு, "ஏலே குமரு, ஒன் பொண்டாட்டி என்னமோ மறைக்கா. நீயும் ஆம்பளைன்னு உக்காந்திருக்க, கேக்கமாட்டியா" என்று அவரை ஏற்றிவிட்டாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மனுஷருக்கு அன்றையிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. அவரே டாக்டரிடம் கூட்டிப் போனார், ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது, அவருடைய பிரஷர்தான் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். டிகாஷன் எது கஷாயம் எது என்று தெரியாத காபி. ஒன்றுமில்லை, நீங்கள் உட்காருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையே. ஒரு வாரம் படுக்கையில் உட்கார்ந்தபடி வாங்கிக் குடித்தேன். நீ சிரிப்பாய், சிரி.

இதற்குள் அத்தை திருச்செந்தூர் முருகனிடம் நேர்ந்துகொண்டுவிட்டாள். எனக்கு வந்த கண்டம் கழிந்தால் தம்பி மொட்டை போடுவான் என்று. வேண்டியது அவள், கண்டம் என்னுடையதாம், தலை உன் அப்பாவுடையது. உனக்குத் தெரியும், அவருக்கு அந்தத் தலைமுடியில் எவ்வளவு கர்வம், இந்த வயதிலும் சட்டைப்பையில் சீப்பு இல்லாமல் வெளியே போகமாட்டார். வராத நோய்க்கு என்ன நேர்த்திக்கடன் என்று நான் கேட்டேன். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னதே வேண்டுதல் பலித்ததற்கு அத்தாட்சி என்று அத்தை சொல்லிவிட்டாள், அதற்கு மேல் எந்த வக்கீலாலும் வாதாட முடியாது. பாசஞ்சர் வண்டியில் மூன்று பேரும் போனோம். உன் அப்பா ஒரு வார்த்தை மறுக்காமல் போய் உட்கார்ந்து தலையைக் கொடுத்தார், மீசையையும் சேர்த்துக் கொடுத்தார். நாழிக்கிணற்றில் குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன், ஆனால் என்னையறியாமல் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்குக் கடலில் கால் நனைத்து, பனங்கிழங்கு வாங்கித் தின்று, சாயந்தரம் வரைக்கும் மணலில் உட்கார்ந்திருந்தோம். அத்தையும் நல்ல குஷியாக இருந்தாள்.

அத்தையை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து நாங்கள் மட்டும் மணிமுத்தாறுக்குக் கிளம்பினோம். அங்கே அப்பாவுக்குத் தெரிந்தவர் மூலம் ஓர் அறை ஏற்பாடாகியிருந்தது. போகிற வழியில் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் என்ன நடந்தது தெரியுமா. நான் வாழைப்பழம் வாங்கப் போயிருந்தேன். அப்பாவோடு வேலை பார்த்த கல்லிடைக்குறிச்சி ஹரிஹரசுப்பிரமணியன் அந்தப் பக்கம் வந்திருக்கிறார். எனக்கு உடம்பு சரியில்லை என்று அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. அப்பாவைப் பார்த்தால் மொட்டைத் தலை, மீசை இல்லை, கோயில் மொட்டை என்று காட்டத் தலையில் சந்தனமும் இல்லை. ஓடிவந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எப்போ ஆச்சு சார்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? அவா கையால எத்தனை தடவை சாப்பிட்டிருக்கேன்" என்று கண் கலங்கிவிட்டார். உன் அப்பா மறுத்துச் சொல்ல வேண்டாமா, திகைத்துப்போய் அவரும் கண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறார். நான் ஒரு சீப்புப் பழத்தோடு பின்னால் வந்து, "என்ன அண்ணா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா" என்று கேட்டேன். பாவம், அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு விஷயத்தைச் சொன்னதும் அங்கேயே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு ஒரு பழம் கொடுத்து, உயிரோடிருக்கிறவள் கொடுக்கிறேன், சாப்பிடுங்கள் என்றேன்.

மணிமுத்தாறில் இருந்த நாட்களை எப்படிச் சொல்ல. அணையின் மேல் நின்று ஒரு பக்கம் மலையையும் ஒரு பக்கம் வயலையும் பார்த்தேன், இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததில் பாதிகூட இல்லை, அவ்வளவு அழகு. அருவியில் தண்ணீர் அளவாக விழுந்தது, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய் நின்றேன். கடை ஒன்றில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் சாப்பிட்டோம், யாரோ அவித்து, யாரோ பரிமாறி, யாரோ தட்டை எடுத்துப் போகிறார்கள், நான் உட்கார்ந்தே இருக்கிறேன். பகலில் தூங்கினேன் பிருந்தா. உன்னைப் பெற்றபோது தூங்கியதற்குப் பிறகு பகலில் நான் இப்படித் தூங்கியதில்லை. ஓய்வு எடுத்தால் உடம்புக்கு மட்டும்தான் நல்லது என்று நினைத்திருந்தேன். என் வாய்கூடக் கொஞ்சம் இனிமையாகிவிட்டது என்று உன் அப்பா சொல்கிறார், நான் நம்பவில்லை.

அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அப்பா ஒரு பையைக்கூட என்னைத் தூக்க விடவில்லை. மறுநாள் காலையில் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தபோது அவராகவே ஆரம்பித்தார். "ஏளா, அவரு துக்கம் கேக்கையில, அவ இருக்கான்னு சொல்ல எனக்கு வாய் வரல பாத்துக்கோ. ஒரு நிமிசம் நெசமாவே நீ இல்லாமப் போயிட்ட மாதிரி ஆயிட்டு" என்றார். நான் ஏதோ கேலி பேசி மாற்றப் பார்த்தேன், அவர் விடவில்லை. "நாம ரெண்டு பேரும் இப்படி எங்கனயும் வந்து உக்காந்ததே இல்லயே. பிள்ளையும் இப்பம் நம்ம கூட இருந்திருக்கணும்ளா" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் அங்கே தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தபோதுதான் கோமு அத்தை உனக்குப் போன் செய்திருக்கிறாள். பயமுறுத்த வேண்டும் என்று செய்யவில்லை, நல்ல சேதி சொல்லத்தான் செய்தாளாம். "ஒங்க அம்மைக்கு வந்த கண்டம் மொட்டையோட போயிட்டு, நீ கவலப்படாத" என்று சொன்னேனே, அதற்கு ஏன் அந்தப் பிள்ளை அழுகிறாள் என்று என்னிடமே கேட்கிறாள். கண்டம் வந்ததே உனக்குத் தெரியாது, போனது மட்டும் தெரிந்தால் நீ என்ன செய்வாய். எதிர்வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறாய், வீடு பூட்டியிருக்கிறது, வெளியூர் போயிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நீயும் வேலூர் என்றே முடிவு கட்டிவிட்டாய். சனிக்கிழமை நாங்கள் திரும்பி வந்ததும் எதிர்வீட்டில் ஓடிவந்து சொன்னார்கள், பையைக்கூட இறக்காமல் பூத்துக்குப் போனோம். மிச்சம் உனக்குத் தெரியும். அத்தையைத் திட்டி எழுதாதே, அவளுக்குத் தெரிந்த பிரியம் அதுதான்.

வராதே என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். இவ்வளவு எழுதியும் அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது. நேற்று நீ அழுதுகொண்டே சொன்னதில் ஒன்று மனதில் தைத்துவிட்டது. லீவு கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார்கள் என்றாய். கடந்த மூன்று தீபாவளிக்கும் லீவு இல்லை அம்மா என்று நீ எழுதினாய், பரவாயில்லை, வேலையைப் பார் என்று நான் பதில் எழுதினேன். உன் மேல் கோபத்தில் சொல்லவில்லை. நீயும் அவர்களிடம் கேட்கவில்லை, நானும் உன்னிடம் கேட்கவில்லை. சீக்கு, சாவு என்றால் வாய் திறந்து லீவு கேட்கிறோம், ஆசையாக இருக்கிறது, பார்க்க வேண்டும் என்று கேட்க நமக்கு வெட்கமாக இருக்கிறது. இப்போது நான் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. நான் படுத்துக் கிடக்கும்போது நீ வந்தால் டாக்டர் பின்னாலும் மருந்துக்கடையிலும்தான் நிற்பாய், உன்னோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடக்கூட எனக்குக் கொடுத்துவைக்காது. கால் நன்றாக இருக்கிறபோது, பல் எல்லாம் இருக்கிறபோது, உன் அப்பாவின் தலையில் முடி முளைக்கிறதை மூன்று பேரும் சேர்ந்து கேலி பண்ண முடிகிறபோது வா.

முதலில் நைனிடால் போங்கள். அங்கே குளிர் அதிகம், காதை மூடிக்கொள், மாப்பிள்ளையையும் மூடச் சொல். வண்டியில் கண்டதை வாங்கித் தின்னாதே. போன இடத்தில் ஓடி ஓடி எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று இல்லை, ஒரு நாளாவது பகலில் தூங்கு. பனிமலை தெரிந்தால் எனக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து எப்படி இருந்தது என்று சொல், அடுத்த வருஷம் பாடம் நடத்தும்போது உதவும். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், திருச்செந்தூர் விபூதியை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன், நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நீ பதில் எழுதி வெகுநாளாயிற்று என்று கேள்விப்பட்டேன், மறக்காமல் எழுது.

இது கையில் கிடைத்ததும் அந்த அவசர லீவைத் திருப்பிக் கொடுத்துவிடு. நைனிடால் போய் வந்த பிறகு புதிதாக ஒரு லீவு கேள். எதற்கு என்று கேட்பார்கள். அம்மா நன்றாக இருக்கிறாள், அதனால் போகிறேன் என்று சொல்லிவிட்டு வா.

உன் அன்புள்ள அம்மா,
கு. பிரம்மநாயகி